பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

எல்லாவற்றையும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். போன் அப்பாவின் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. நான் ஹலோ சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். காது இரண்டும் திறந்துகொள்ளும். போன மாதம் பேசியது நினைவிருக்கிறதா? நான் "எப்போ வர்றே?" என்று கேட்டேன். நீ "பெல் அடிச்சிடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அப்பா கண்ணைத் திறக்காமலேயே, "என்ன, வண்டி லேட்டா?" என்றார். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். அவருக்கு நீயும் ஒரு வண்டிதான். அதனால் இனி கடிதம்தான். இதை அவரால் ஒட்டுக் கேட்க முடியாது.

மே 31 அன்று உனக்கு ஓய்வு. நானும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துபோன அந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று நீ சொன்னது: "எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. லீவு கிடைக்காது. இப்போ நீ பார்த்துக்கோ குட்டி. நான் ரிட்டயர் ஆனதும் வந்துடறேன், நீ போயிடு." நான் "எங்க போறது?" என்று கேட்டேன். நீ "எங்க வேணும்னாலும்" என்றாய். அடுத்த திங்கட்கிழமை நூலக வேலையை விட்டுவிட்டு வந்தேன். எனக்கு முப்பத்து நாலு வயது.

எங்கே போவது என்று இப்போது எனக்குப் பதில் கிடைத்திருக்கிறது. என்னுடைய பழைய தலைமை நூலகர் ஒரு கல்லூரிக்குப் போயிருக்கிறார். ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தூரம். அங்கே புத்தக அடுக்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஜூன் 15 சேர வேண்டும், வருகிறாயா என்று எழுதியிருந்தார். வருகிறேன் என்று எழுதிவிட்டேன். யாரையும் கேட்காமல் நான் எழுதிய பதில் அது. தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கையை உடனே வெளியே எடுக்கவில்லை. பின்னால் நின்றவர், "உள்ள ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

உன்னிடம் ஒரு வரிதான் கேட்கிறேன். வருவாய்தானே?

தங்கை


ஜனவரி 28

குட்டிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தண்ணீர் ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிரஷ் கழுவும்போதெல்லாம் உன் கையெழுத்து கண்ணில் படுகிறது. பதில் எழுதாததற்கு வேலைதான் காரணம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெறுவது நீ நினைப்பதுபோல் தேதி வந்ததும் எழுந்து வருவது இல்லை. என் பொறுப்பில் உள்ள சாமான்களை எல்லாம் பதிவேட்டைப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். என் பீரோ மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. டிராயிங் ரூம் என்பதும் அதுதான். மணியடித்தால் நானூறு பிள்ளைகள் என் தலைமேல் ஓடுவார்கள். பீரோவில் ஜாடி மூன்று, மர உருளை இரண்டு, கூம்பு ஒன்று, பிரஷ் அறுபது. அறுபதில் முடி மிச்சமிருப்பவை இருபத்திரண்டு. கலர்த் தட்டுகள், கரும்பலகைக் காம்பஸ், ஓட்டைக் குடை ஒன்று. இதெல்லாம் சரி. பதினேழாவது வரிசையில் இருக்கிறது, "குதிரை, பிளாஸ்டர், மாதிரி வரைய – 1."

குட்டி, அப்படி ஒரு குதிரையே கிடையாது.

நான் வேலையில் சேர்ந்த அன்று, எனக்கு முன்னால் இருந்த டிராயிங் மாஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். பதிவேட்டை நீட்டி, "எல்லாம் இருக்கும்மா, நீ போடு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அப்போதுதான் வாசலில் ஒரு பிள்ளை என்னை முதல்முறையாக "டீச்சர்" என்று கூப்பிட்டிருந்தது. அந்த மிதப்பில் இருந்தேன். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு பீரோவைத் திறந்தேன். பதினாறு வரிசையும் இருந்தது. குதிரை இல்லை.

அடுத்த வருஷம் சரிபார்க்க வந்த கிளார்க் பீரோவைத் திறக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, "குதிரை?" என்றார். இல்லை என்றால் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார். "இருக்கு சார்." "நல்ல நிலையிலயா?" "நல்ல நிலையில சார்." அவ்வளவுதான். முப்பத்து நாலு வருஷமாக அந்தக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது. கால் உடையவில்லை, வால் விழவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் அதைப்போல் பழுதில்லாமல் இருந்த சாமான் வேறு இல்லை.

இப்போது அதை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஆனால் யாரிடம்? ஹெச்.எம். சொல்லிவிட்டார்: "உங்க போஸ்ட் உங்களோட போகுது டீச்சர். அப்புறம் டிராயிங்குக்கு ஆள் கிடையாது." வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் பெற்றுக்கொண்டவர் கையொப்பம் இல்லை. கையொப்பம் இல்லையென்றால் என்னை விடுவிக்க மாட்டார்கள். இதற்கு ஹெச்.எம். ஒரு வழி சொல்கிறார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இங்கே பனி. நான் குடியிருக்கும் அறை ஜன்னலைக் காலையில் துணியால் துடைத்தால்தான் தெரு தெரிகிறது. அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். குதிரைக்கு ஒன்றரைப் பக்கம். முடியில்லாத பிரஷ்ஷுக்குக்கூட ஒரு வரி. நான் கேட்ட ஒரு வரி மட்டும் இல்லை. பனி நன்றாக இருந்தது.

படுக்கை விரிப்பு மாற்றும்போது அப்பா, "பெரியவ என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு குதிரையைப் பத்தி எழுதியிருக்கா."

"குதிரையா? எப்போ வாங்கினா?"

"அவ வாங்கல. கையெழுத்துதான் போட்டா."

"கையெழுத்துப் போட்டா வாங்கின மாதிரிதான்," என்றார். பிறகு இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு புரண்டார். பிடித்த இடத்தில் வழக்கம்போல் விரல் பதிந்திருக்கிறது.

உன் ஓய்வைப் பற்றிப் பேச்சு வந்ததில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். "பெரியவளை ஸ்கூல்ல சேர்க்கறப்போ ஒரு வருஷம் குறைச்சுப் போட்டேன். வாத்தியார் கேட்டார், நிஜமாவான்னு. நான் டைம் கீப்பர், எனக்குத் தெரியாத டைமான்னேன். இப்போ பாரு, ஒரு வருஷம் கூட வேலை பார்க்கறா. எப்படி என் யோசனை?"

தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பல் ஈறுவரை கோபம் வந்தது. உனக்கு இது தெரியும், இல்லையா? உன் உண்மையான வயதுப்படி போன மே மாதமே நீ வந்திருக்க வேண்டும். அவர் உனக்குக் கூட்டிக் கொடுத்த வருஷத்தை நான் இந்த வீட்டில் கழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷத்தைக் குறைத்துப் போட்டால் அது காணாமல் போய்விடும் என்று நினைத்தீர்கள், நீங்கள் இருவரும். போகவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

நீ வேலைக்குப் போனபோது எனக்குப் பதினோரு வயது. அம்மா போய் மூன்று வருஷம். அன்று உன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நீ என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, "லீவுக்கு வந்துடுவேன்டி" என்றாய். அதைச் சொல்லிக் காட்டவில்லை. உட்கார்ந்திருக்க அப்போது ஒரு பெட்டியாவது இருந்தது என்கிறேன்.

இதை நாலு மணிக்கு எழுதுகிறேன். நாலிலிருந்து நாலு பத்து வரை அப்பா தூங்குவார். ஒரு நாளில் என்னுடைய நேரம் அதுதான். அதை உனக்குக் கொடுத்திருக்கிறேன். நீ குதிரையைப் பற்றி எழுதாமல் பதில் எழுது.

தங்கை


மார்ச் 4

குட்டிக்கு,

நீ கேட்ட ஒரு வரி: எனக்குத் தெரியவில்லை.

இல்லை, அது பொய். தெரியும். டிசம்பரிலேயே நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஹெச்.எம். சொன்ன வழி அதுதான். வாங்கிக்கொள்ள ஆள் வரும்வரை, இரண்டு வருஷத்துக்கு, நானே பொறுப்பில் இருக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுப்பது. "உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வீட்டுக்குப் போய் என்ன டீச்சர் பண்ணப்போறீங்க?" என்றார். அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் நான் போட்டுவிட்டேன். போன கடிதம் எழுதும்போது அது போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. "பிறகு எழுதுகிறேன்" என்று எழுதினேனே, அப்போது என் காது சூடாக இருந்தது.

வயது விஷயம் எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் நான்கு நாள் வந்து தங்கினேன். மூன்றாம் நாள் நீ மார்க்கெட்டுக்குப் போனாய். ஒரு மணி நேரம்தான். அப்பா நனைத்துவிட்டார். நான் மாற்று விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றேன். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பஸ்ஸைத் தவறவிட்ட பாசஞ்சர் மாதிரி நிக்கறே?" என்றார். நீ வரும்வரை அவர் ஈரத்தில் கிடந்தார். நான் அப்படியே நின்றேன். மறுநாள் ஸ்கூலில் அவசர வேலை என்று கிளம்பினேன். ஒரு வேலையும் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. வாட்ச்மேன், "என்ன டீச்சர், லீவுல கூட?" என்றார்.

அப்பாவைப் பார்த்து மட்டும் பயப்படவில்லை. உன் முகத்தைப் பார்த்தும் பயந்தேன். யாரோ கூப்பிட்டு, நீ திரும்பத் தயாராக இருக்கிற மாதிரியே எப்போதும் இருக்கிறது உன் முகம். நான் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயம். இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய். அதனால் விட்டுவிட்டேன்.

இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. வாரத்துக்குப் பன்னிரண்டு பீரியட் என்று அட்டவணையில் இருக்கிறது. கணக்கு சார் வாசலில் வந்து நின்று, "டீச்சர், இன்னிக்கு ஒரு நாள்" என்பார். ஒரு நாள், ஒரு நாள் என்று ஏழு பீரியட் அவரிடம் போய்விட்டது. மிச்சத்தில் நாற்பது பிள்ளைகள், இருபத்திரண்டு பிரஷ். படிக்குக் கீழே எந்த இடத்தில் தலை இடிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு இங்கே உள்ள சுகம் அவ்வளவுதான். ஆனால் மாலையில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் காலைவரை யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதை விட்டுவிட என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

திட்டப்போவதில்லை. என் முகத்தைப் பற்றிய வரியை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அதற்கு நன்றி.

இது கடிதமில்லை. உங்கள் பள்ளிக்கூட முறைப்படி ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன்.

ஒப்படைக்கப்படுபவை

அப்பா – 1. வயது எண்பத்து மூன்று. வலது கை, வலது கால் இயங்காது. இடது கை தேவைக்கு மேல் இயங்கும். வாய் மிக நல்ல நிலையில்.

மூக்குக் கண்ணாடி – 2. ஒன்று படிக்க. மற்றது தொலைக்க.

கைக்கடிகாரம் – 1. ஓடாது. ஆனால் கட்டிவிட வேண்டும். நிற்கும் முள்ளைப் பார்த்துவிட்டு மணியைச் சரியாகச் சொல்வார். எப்படி என்று கேட்காதே.

காலை 5.40: புரட்ட வேண்டும். முதல் வண்டி அந்த நேரத்துக்கு. இடது தோளுக்கு அடியில் கை கொடுத்து, அவர் மூச்சு விடும்போது புரட்டு. நீ மூச்சைப் பிடித்துக்கொள்ளாதே. பிடித்தால் உன் இடுப்பு போகும்.

6.10: துடைத்தல். வெந்நீர் முழங்கை தாங்கும் சூடு. அவர் "சுடுது" என்பார். சுடாது.

விரிப்பு மாற்றுவதை அவருக்கு வலிக்கும் பக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது. சுவர்ப் பக்கம் சுருட்டி, அவரை அதன்மேல் ஏற்றி, இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இதை அன்றைக்கே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

7 முதல் 12 வரை: சாப்பாடு, மாத்திரை (தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது), செய்தித்தாள் வாசித்தல். விபத்துச் செய்தி மட்டும் வேண்டும். எந்த டிரைவரின் தப்பு என்று தீர்ப்புச் சொல்வார்.

12.30: மறுபடி புரட்டல். 2.30: மறுபடி.

4.00 – 4.10: தூங்குவார். அந்தப் பத்து நிமிஷம் உன்னுடையது. நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிக்கிறேன். எண்ணூறு பக்க நாவலை ஒரு வருஷத்துக்கு மேல் படித்திருக்கிறேன். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது முதல் பக்கத்தில் செத்தவர் யார் என்று மறந்திருந்தது.

6, 9: புரட்டல்.

பெயர் – இல்லை. அவர் உன்னையும் என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு தண்ணீர். இரண்டு தட்டு பெட்பேன். நிறுத்தாமல் தட்டினால் ஒன்றும் வேண்டாம், நீ அங்கே இருக்கிறாயா என்று பார்க்கிறார்.

ஒப்படைப்பவர் கையொப்பம்: போட்டிருக்கிறேன்.

பெற்றுக்கொண்டவர் கையொப்பம்: இடம் விட்டிருக்கிறேன்.

வரமாட்டேன் என்று கல்லூரிக்கு நான் இன்னும் எழுதவில்லை. ஏப்ரல் கடைசிக்குள் எழுதினால்தான் அவர்கள் வேறு ஆளைப் பார்க்க முடியும்.

தங்கை


ஏப்ரல் 24

குட்டிக்கு,

வருகிறேன். கல்லூரிக்கு எழுதாதே.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நீ பொறுமையாகப் படிக்கலாம்.

உன் பட்டியலை ஒரு மாதமாகப் பையிலேயே வைத்திருக்கிறேன். படிக்குக் கீழே நின்று படிப்பேன். 5.40 வரியை இரண்டு தடவை படிப்பேன். 6.10 படிக்கும்போது மூடிவிடலாம் என்று தோன்றும். நாலு மணிக்கு வரும்போது மட்டும் நின்றுவிடுவேன். பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் ஒரு படம் போடலாம், குட்டி. படி, வாளி, துணி காயும் கயிறு, எதையாவது. பெரிய படமில்லை, உள்ளங்கை அகலம். இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தொடர்ந்து பத்து நிமிஷம் கிடைத்ததே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடந்துவிடலாம் என்று தோன்றியது. உன்மேல் இரக்கப்பட்டு வருகிறேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பத்து நிமிஷத்துக்காகத்தான் வருகிறேன்.

ஹெச்.எம்.மிடம் போய் டிசம்பர் தாளைத் திருப்பிக் கேட்டேன். "அப்போ பீரோவை யார் வாங்கிக்குவாங்க?" என்றார். கணக்கு சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "என் பீரியடை எல்லாம் வாங்கிக்கிட்டவர் இருக்காரே. பீரோவையும் வாங்கிக்கட்டும்" என்றேன். முப்பத்து நாலு வருஷத்தில் ஆபீஸ் ரூமில் நான் இப்படிப் பேசியதில்லை. கணக்கு சார் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் அவர் கணக்கு சார். பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

குதிரை வேண்டும். ஐந்தாம் வகுப்பிடம் சொன்னேன். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, பசை சேர்த்துப் பிசைந்து, கம்பியில் அப்பினோம். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு வரிசை செய்தது. யாரும் அடுத்த வரிசையிடம் அளவு கேட்கவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் முன்னங்கால் ஒன்று மட்டும் தரையைத் தொடவில்லை. வால் பூனை வால். ஒரு பெண் எட்டி நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், இது பயந்துபோயிருக்கு" என்றாள். வேறு யாரும் அதை இவ்வளவு சரியாகப் பார்க்கவில்லை.

கணக்கு சார் பதிவேட்டை வைத்துக்கொண்டு வரிசையாக எண்ணினார். பதினேழாவது வந்ததும் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"இது குதிரைன்னு யார் டீச்சர் சொன்னா?"

"பதிவேடு சொல்லுது சார்."

"பிளாஸ்டர்னு போட்டிருக்கே."

"முப்பத்து நாலு வருஷம் ஆச்சு சார். இளைச்சுடுச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, நல்ல நிலையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். என் ஏழு பீரியடுக்கும் சேர்த்து அன்று அவரை மன்னித்துவிட்டேன்.

வழியனுப்பும் கூட்டத்துக்கு பேனர் எழுத வேண்டுமாம். "நீங்களே எழுதிடுங்க டீச்சர், உங்க எழுத்து மாதிரி வராது" என்கிறார் ஹெச்.எம். எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயருக்கு முன்னால் "அன்பான" என்று போடச் சொன்னார். இடம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

விடுவிப்புத் தாள் கைக்கு வர ஜூன் 11 ஆகும். 12 சாயங்காலம் வருவேன்.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கம்பி தட்டும் சத்தம் கேட்டது, போய்விட்டேன்.

12 சாயங்காலம் நீ வந்தால், 13 காலை ஆறரை ரயிலுக்கு நான் கிளம்ப வேண்டும். சேர்ந்து இருக்க ஒரு ராத்திரிதான். காலையில் 5.40 நீ செய், நான் பக்கத்தில் நிற்கிறேன். அதற்கு மேல் நின்றால் போகமாட்டேன்.

பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினேன். சத்தம் இல்லாமல்தான் இறக்கினேன். அப்பா உள்ளேயிருந்து, "போற வண்டியா, வர்ற வண்டியா?" என்றார்.

"ஒண்ணு வருது, ஒண்ணு போகுது."

"ரெண்டும் எங்க கிராஸ் ஆகுது?"

"இங்கதான்."

பிறகு, "டிக்கெட்டைக் கீழ போட்டுடாதே" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை என்று அதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு அர்த்தமும் இருக்கலாம்.

பெட்டியில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. புத்தகங்களை வைத்தேன், எடுத்துவிட்டேன். நூலகத்துக்குப் புத்தகம் கொண்டுபோவார்களா? நாள் முழுவதும் யாரும் கம்பியைத் தட்டாத இடத்தில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று பயமாக இருக்கிறது. சிரிக்காதே.

பட்டியலில் இப்போது கையெழுத்துப் போடாதே. உன் டிராயிங் மாஸ்டர் மாதிரி நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று உன்னிடம் நீட்ட விரும்பவில்லை. ஒரு மாதம் இருந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார். சரியாக இருந்தால் போட்டு அனுப்பு. சரியில்லை என்றால், ஒரு தந்தி மாதிரி இரண்டு வார்த்தை எழுது, வந்துவிடுகிறேன்.

பட்டியலில் ஒன்றைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். நேரில் சொல்கிறேன்.

தங்கை


ஜூலை 16

குட்டிக்கு,

நீ நேரில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ராத்திரி நாம் மாத்திரைத் தாளைப் பற்றியும் காஸ் சிலிண்டரைப் பற்றியும் பேசினோம். காலையில் நான் அப்பாவைப் புரட்டும்போது நீ உன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய், உதவிக்கு வந்துவிடக் கூடாது என்று. பிறகு ஆட்டோ வந்தது.

ஒரு மாதம் ஆயிற்று. நீ சொன்னபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

5.40 சரி. முதல் வாரம் என் இடுப்பு போயிற்று, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெந்நீர் சரி. "சுடுது" என்கிறார், சுடவில்லை. விரிப்பைச் சுவர்ப் பக்கம் சுருட்டி இழுக்க ஒன்பது நாளில் வந்துவிட்டது. அன்று அவர், "பாசஞ்சர் டிரைவர் ஆயிட்டா" என்றார். கண்ணாடி இரண்டும் இருக்கிறது, ஒன்று தொலைந்திருக்கிறது.

நாலு மணி சரியில்லை.

முதல் நாள் பென்சிலும் அட்டையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுப் படிக்குப் போனேன். உட்காரவில்லை, தட்டல். மூன்று ஐம்பத்தைந்துக்கே கண்ணை அகலத் திறந்துவிட்டார். "ஆறாம் நம்பர் வந்துச்சா?" வந்தது என்று சொல்ல வேண்டும். "பதினொண்ணு?" அதுவும் வந்தது என்று சொல்ல வேண்டும். பதில் தாமதமானால் கம்பியைத் தட்டுகிறார். நாலரைவரை இப்படியே. ஒரு நாளில் இதைவிடக் கடினமான அரைமணி இல்லை. புது ஆள் வந்ததால் தூக்கம் கெட்டிருக்கும், சரியாகிவிடும் என்று பதினேழு நாள் காத்திருந்தேன். தினமும் பென்சிலைச் சீவி வைப்பேன்.

பதினெட்டாம் நாள் கேட்டுவிட்டேன். "அப்பா, நீங்க நாலு மணிக்குத் தூங்குவீங்கதானே?"

"நாலு மணிக்கா? அது ஷிப்ட் மாறற நேரம். அப்போ நான் கண்ணை மூடினா ஸ்டாண்டே நின்னுடும்."

"குட்டி இருந்தப்போ?"

"சின்னவ நல்லா பதில் சொல்லுவா. உனக்கு வண்டி நம்பரே தெரியல."

அன்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். படிக்கவில்லை, பார்த்தேன். தாளைப் பார்ப்பது என் தொழில் இல்லையா? "இதை நாலு மணிக்கு எழுதுகிறேன்" என்ற வரியில் பேனா புள்ளி புள்ளியாகத் தடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் காசின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படமெடுப்பார்கள், அதுபோல. தாளுக்கு அடியில் சொரசொரப்பாக ஏதோ இருந்திருக்கிறது. வீடு முழுக்கத் தடவிப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர். அங்கே நின்றால் அப்பாவின் கட்டில் தெரியும். நின்றுகொண்டே, சுவரில் வைத்து எழுதியிருக்கிறாய். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எத்தனை வண்டிக்குப் பதில் சொன்னாயோ.

கோபம் வந்தது. ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அந்தப் பத்து நிமிஷத்தைக் காட்டித்தானே என்னை இழுத்தாய் என்று எழுதியிருந்தேன். கிழித்த பிறகுதான் வேறொன்று தோன்றியது. என்னை இழுப்பதற்கு என்றால் ஒரு மணி நேரம் என்று எழுதியிருப்பாய். நீ பத்து நிமிஷம்தான் எழுதினாய். பிப்ரவரியிலேயே எழுதிவிட்டாய், பட்டியல் போடுவதற்கு முன்னால். இரண்டு பக்கம், எண்ணூறு பக்க நாவல், செத்தவரை மறந்தது. அது எனக்காகச் செய்ததில்லை என்று நினைக்கிறேன். பதினோரு வருஷமாக நீ அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். யாராவது கேட்டால் இருக்கிறது என்று சொல்ல.

அது இல்லை என்று தெரிந்திருந்தால் நான் வந்திருப்பேனா என்று நீ அங்கே கேட்டுக்கொண்டிருப்பாய். வந்திருக்கமாட்டேன். அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை. இப்போது ரயில் நேரம் எல்லாம் எனக்கும் தெரியும். கதவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் எனக்கு அடுத்து இதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, குட்டி. போஸ்ட் என்னோடு போகிறது.

நீ வராதே. இரண்டு வார்த்தைத் தந்தி இல்லை இது. அங்கே யாரும் தட்டாத அறையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கொஞ்ச நாளில் நின்றுவிடும். எனக்கு இங்கே தொடங்கிவிட்டது. நேற்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

உன் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்துக்குக் கீழே, இடம் விட்டிருந்தாயே, அங்கே போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுப் போட்டேன். எங்கள் பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, சாமானின் நிலை எழுத. நீ அதை மறந்துவிட்டாய். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் நானே எழுதியிருக்கிறேன்.

மணி மூன்று ஐம்பத்து நாலு. நிறுத்த வேண்டும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்துத்தான் எழுதுகிறேன், தடவிப் பார்த்தால் உனக்குத் தெரியும்.

4.00 – 4.10: நல்ல நிலையில்.

அக்கா